தெஹ்ரான் பேச்சில் இரட்டைச் சொற்கள்: சேர்ப்பது எப்படி, பிரிப்பது எப்படி

ஒரு சொல் இரண்டு முறை வந்துவிட்டதாலேயே அது சொல்லாக்கம் ஆகிவிடாது. தெஹ்ரானில் ஆள் சேர்த்துக்கொண்டு போகும் டாக்ஸிக்காரர் சாலையோரம் நின்று “வனக், வனக், வனக்!” என்று கூவுவார். வனக் என்பது நகரின் வடக்கே உள்ள ஒரு சதுக்கம். அங்கே போகிறவர்கள் ஏறிக்கொள்ளலாம் என்பதுதான் செய்தி. காரைப் பின்னால் எடுப்பவருக்கு வழி காட்டுகிறவர் “பியா, பியா, பியா” என்பார். வா, வா, வா. எத்தனை முறை சொன்னாலும் இவற்றில் புதிய சொல் எதுவும் பிறப்பதில்லை. ஆனால் அதே தெருவில் ஒருவர் “நேற்று இங்கே பெஸன்-பெஸன்” என்று சொன்னால் கதை வேறு. ‘பெஸன்’ என்றால் ‘அடி’ என்னும் ஏவல். இரட்டித்ததும் அது ‘அடிதடி’ என்னும் பெயர்ச்சொல்லாகிவிட்டது. அங்கே யாரும் யாரையும் ஏவவில்லை.

ஆய்வேட்டுக்காகப் பாரசீக வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளும் மாணவர்கள் இந்த இரண்டையும் ஒரே பட்டியலில் கொட்டிவிடுகிறார்கள். ஹைதராபாத்தில் மொழியியல் கற்பித்த காலத்தில், ஈரானிலிருந்து வந்து படித்த பிள்ளைகளோடு உட்கார்ந்து அப்படிப்பட்ட பட்டியல்களைப் பிரித்து அடுக்குவதே என் மாலை நேர வேலையாக இருந்தது. அலுக்காத வேலை. அதைச் செய்யும் முறையைத்தான் இங்கே சொல்கிறேன். தெஹ்ரான் பேச்சை எடுத்துக்கொள்கிறேன். ஹெராத்தோ ஷீராஸோ எதுவானாலும் முறை ஒன்றுதான், சொற்கள்தாம் மாறும்.

முதலில் எழுத்து. பாரசீக எழுத்தில் குறில்கள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. இரட்டைச் சொல்லைச் சேர்த்து எழுதுவதா, இடைவெளி விட்டு எழுதுவதா, இரண்டுக்கும் நடுவே ‘நீம்-ஃபாசெலெ’ என்னும் அரை இடைவெளி விடுவதா என்பதிலும் ஆளுக்கொரு பழக்கம். ஆகவே தாளில் உள்ள இடைவெளியைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். உங்கள் குறிப்பேட்டில் ஒவ்வொரு சொல்லையும் பாரசீக எழுத்தில் ஒரு முறை, பன்னாட்டு ஒலிக்குறியீட்டில் ஒரு முறை என இரண்டு விதமாகவும் எழுதுங்கள். நான் இங்கே தமிழ் எழுத்தில் தருவது வாசிப்பதற்காக மட்டுமே. ‘ப’ என்று எழுதியது பல்லியின் ‘ப’வா பஸ்ஸின் ‘ப’வா என்று தமிழ் எழுத்து சொல்லாது, தொண்டையிலிருந்து வரும் பாரசீக ஒலிகளுக்கு அதில் இடமே இல்லை.

அடுத்து, அகராதியிலிருந்து சொற்களை அள்ளாதீர்கள். அலி அக்பர் தெஹ்கோதாவின் பேரகராதி ஒரு கடல். ஆனால் அதன் நீர் பெரும்பகுதி எழுத்து மொழியிலிருந்து வந்தது. நூலில் ‘நான்’ என்று எழுதப்படும் ரொட்டி தெஹ்ரானியர் வாயில் ‘நூன்’ ஆகிறது. ‘கானெ’ என்னும் வீடு ‘கூனெ’ ஆகிறது. பேச்சின் இரட்டைச் சொற்கள் இந்த ‘நூன்’, ‘கூனெ’ பக்கத்தில்தான் விளைகின்றன. சேர்த்ததைச் சரிபார்க்க அகராதியைத் திறங்கள், சேர்ப்பதற்காகத் திறக்க வேண்டாம். அதே தெஹ்கோதா 1907இல் ‘சூர்-எ இஸ்ராஃபில்’ இதழில் எழுதிய அங்கதப் பத்தியின் தலைப்பே ஓர் இரட்டைச் சொல்தான்: ‘சரந்த்-பரந்த்’, அதாவது பிதற்றல். பிதற்றலுக்குப் பாரசீகத்தில் பஞ்சமே இல்லை. ‘செர்த்-ஒ-பெர்த்’ என்றாலும் அதுதான், ‘ஷெர்-ஒ-வெர்’ என்றாலும் அதுதான். மூன்றுமே இரட்டைகள்.

சமையலறையில் தொடங்குங்கள்

“உங்கள் மொழியில் இரட்டைச் சொற்கள் என்னென்ன?” என்று யாரையும் கேட்காதீர்கள். பள்ளியில் படித்த பத்துச் சொற்களை ஒப்பித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். ஒரு வேலையைச் செய்யச் சொல்லி, செய்தபடியே பேசச் சொல்லுங்கள். இதற்குச் சமையலை மிஞ்சிய வேலை இல்லை.

தெற்கு தெஹ்ரானில் வளர்ந்த ஒரு மாணவி எங்கள் வீட்டு அடுப்படியில் ‘லூபியா பொலோ’ செய்து காட்டினாள். பச்சை பீன்ஸும் இறைச்சியும் தக்காளியும் போட்டு அரிசியோடு அடுக்கித் தம் வைக்கும் உணவு. என்னைப் பார்த்து “ஓஸ்தாத், வெங்காயத்தை ‘ஹல்கெ ஹல்கெ’ வெட்டுங்கள்” என்றாள். ‘ஹல்கெ’ என்றால் வளையம்; வளையம் வளையமாக. இறைச்சியை ‘தெக்கெ தெக்கெ’, துண்டு துண்டாக. கீரை வகை ஏதாவது இருந்தால் ‘ரீஸ் ரீஸ்’, பொடிப்பொடியாக. வெங்காயம் எண்ணெயில் விழுந்ததும் எழுந்த ஓசை ‘ஜெலெஸ்-ஒ-வெலெஸ்’. தண்ணீரை ‘கம் கம்’ ஊற்ற வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. அது கொதிக்கும்போது ‘குல் குல்’ என்கிறது. வடித்த சோற்றையும் பீன்ஸ் கலவையையும் ‘லாயெ லாயெ’, அடுக்கடுக்காகப் போட வேண்டும். கடைசியில் மூடியைத் திறந்தபோது சோறு ‘தூனெ தூனெ’ இருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றோடொன்று ஒட்டாமல் மணி மணியாக.

ஒரு மதியச் சமையலில் இத்தனை கிடைத்தன. இவற்றை இப்போது உற்றுப் பாருங்கள். ‘ஹல்கெ’, ‘தெக்கெ’, ‘லாயெ’, ‘தூனெ’ எல்லாம் பெயர்ச்சொற்கள்: வளையம், துண்டு, அடுக்கு, மணி. இரட்டித்ததும் நான்குமே ‘எப்படி’ என்னும் கேள்விக்கு விடையாகிவிட்டன. சொல்லின் வகையே மாறிவிட்டது. இதுதான் சொல்லாக்கத்தின் முதல் அடையாளம். ‘ரீஸ்’ என்பது சிறிய, நுண்ணிய என்னும் பெயரடை. ‘கம்’ என்றால் குறைவு. அவையும் வினையடைகளாகிவிட்டன. ‘குல் குல்’ வேறு குடும்பம், ஓசைக் குடும்பம். ‘ஜெலெஸ்-ஒ-வெலெஸ்’ ஓசைதான் என்றாலும் இரண்டாம் பாதி முதல் பாதியின் சரியான நகல் அல்ல. நடுவே ஓர் ‘ஒ’ வேறு உட்கார்ந்திருக்கிறது. ஒரே சட்டியில் மூன்று வகைகள் வெந்திருக்கின்றன.

சமையலுக்கு அடுத்தபடியாக, குழந்தைகளின் அறையை ஒழுங்குபடுத்தும் தாய், சாலை நெரிசலைப் பற்றிப் புலம்புகிறவர், பார்த்த சண்டையை விவரிக்கிறவர், இந்த மூவரையும் பேசவிடுங்கள். நெரிசல் ‘ஷொலூக்-பொலூக்’ என்பதைத் தரும். அறை ‘கெர்த்-ஒ-பெர்த்’ என்பதையும் ‘ஆத்-ஒ-ஆஷ்கால்’ என்பதையும் தரும். தட்டுமுட்டுச் சாமான், குப்பை கூளம். சண்டை என்ன தரும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

வாலைப் பிடித்துப் பாருங்கள்

இரட்டைச் சொல் உண்மையில் ஒரே சொல்லா என்று அறிய அதன் தலையைப் பார்த்துப் பயனில்லை. வாலைப் பிடிக்க வேண்டும். பன்மை, உடைமை, செயப்படுபொருள் இவற்றுக்கான உருபுகள் எங்கே போய் ஒட்டுகின்றன என்று பாருங்கள்.

தெஹ்ரான் தாய் ஒருத்தி மகனிடம் சொல்கிறாள்: “கெத்தாப்-மெத்தாபாத்தொ ஜம் கொன்.” உன் புத்தகம் கித்தகம் எல்லாவற்றையும் எடுத்து வை. பிரித்தால்: கெத்தாப், மெத்தாப், பிறகு பன்மைக்கு ‘ஆ’, பிறகு ‘உன்’ என்பதற்கு ‘த்’, கடைசியில் செயப்படுபொருளுக்கு ‘ஒ’. மூன்று உருபுகளும் வரிசையாக மெத்தாபின் பின்னால்தான் நிற்கின்றன. கெத்தாபின் பின்னால் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் மொழி இந்த இரண்டையும் ஒரே பெயராக எண்ணுகிறது. ‘மெத்தாப்’ தனியாக எந்தப் பொருளும் இல்லாத உரு என்பதும், ஆனாலும் உருபைத் தாங்குவது அதுதான் என்பதும் எனக்கு இன்றும் வேடிக்கையாகவே இருக்கிறது.

இந்த எதிரொலி வகை தமிழருக்குப் பழக்கமானது என்பதாலேயே ஆபத்தானது. ‘புலி கிலி’, ‘மாடு கீடு’ என்று நாம் முதல் எழுத்தை உயிரோடு சேர்த்துத் தூக்கிவிட்டு ‘கி’ அல்லது ‘கீ’ வைக்கிறோம். தெஹ்ரானியர் மெய்யை மட்டும் எடுத்துவிட்டு ‘ம்’ வைக்கிறார்கள். உயிர் அப்படியே இருக்கும். சாய், மாய். லெபாஸ், மெபாஸ் (உடை கிடை). பச்செ, மச்செ (பிள்ளை கிள்ளை). உயிரில் தொடங்கினால் முன்னால் ‘ம்’ சேரும்: ஆப், மாப் (தண்ணீர் கிண்ணீர்). ‘சீஸ்-மீஸ்’ என்பதை நாள் முழுக்கக் கேட்கலாம். ஏதாவது சாமான் கீமான் என்ற பொருளில். பணத்துக்கான பாரசீகச் சொல்லுக்கும் இப்படி ஓர் எதிரொலி உண்டு. அந்தச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதும் துணிச்சல் எனக்கில்லை.

சொல்லே ‘ம’வில் தொடங்கினால்? அப்போது ‘ம்’ வைத்தால் நகல் மூலத்தைப் போலவே ஆகிவிடும், எதிரொலி கேட்காது. ‘மீவெ’ என்றால் பழம். அதற்கு ‘மீவெ-பீவெ’ என்று ‘ப்’ வருகிறது. இந்த விதி உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கப் பழைய சொற்களை விட்டுவிட்டு நேற்று வந்த சொற்களைக் கொடுங்கள். லேப்டாப்புக்கும் இன்டர்நெட்டுக்கும் எதிரொலி கேளுங்கள். யோசிக்காமல் சொன்னால் விதி உயிரோடு இருக்கிறது. மொபைலைக் கொடுத்துப் பாருங்கள். அங்கேதான் சிலர் ஒரு கணம் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தையும் எழுதி வையுங்கள்.

இதே ‘ம்’ துருக்கியிலும் உண்டு, ‘கிதாப் மிதாப்’ என்று. தெஹ்ரானிலோ வீட்டில் அஸர்பைஜானித் துருக்கி பேசுகிறவர்கள் மிகப் பலர். எனவே உங்களோடு பேசுகிறவரின் தாய், தந்தை, பாட்டி வீட்டில் என்ன மொழி பேசினார்கள் என்று கேட்டுக் குறிக்காமல் பதிவைத் தொடங்காதீர்கள். எந்த மொழி எதனிடமிருந்து வாங்கியது என்று தீர்ப்பு எழுதுவது உங்கள் வேலை அல்ல. அடுத்து வருகிறவர் தீர்ப்பெழுதத் தேவையான தகவல் உங்கள் குறிப்பில் இருக்க வேண்டும், அவ்வளவே.

மூன்றாம் முறை சொல்ல வையுங்கள்

இரண்டாவது சோதனை நம் வீட்டுச் சரக்கு. அடுக்குத்தொடர் இரண்டு, மூன்று, நான்கு என்று அடுக்கும் என்கிறது நன்னூல். ‘இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா’ என்கிறது தொல்காப்பியம். முன்னது தொடர், எத்தனை முறையும் போகலாம். பின்னது இரண்டிலேயே நிற்கும். பாரசீகத்துக்கு இந்த அளவுகோல் அழகாகப் பொருந்துகிறது. “ரஃப்த் ஒ ரஃப்த் ஒ ரஃப்த்”, போனான், போனான், போய்க்கொண்டே இருந்தான். கதை சொல்கிறவர் மூச்சு உள்ள வரை நீட்டலாம். ‘பெஸன்-பெஸன்’ என்னும் பெயரை மூன்றாக்கினால் அது பெயராக நிற்பதில்லை, மறுபடி ஏவலாகிவிடும்.

ஆனால் தொல்காப்பியச் சூத்திரத்தை அப்படியே கொண்டுபோய் எல்லா ஓசைச் சொற்களின் மீதும் போர்த்த முடியாது. ‘பெச்பெச்’ என்றால் கிசுகிசுப்பு. ‘பெச்’ என்று ஒற்றையாக யாரும் சொல்வதில்லை. நம் இரட்டைக்கிளவி இலக்கணத்துக்குள் கச்சிதமாக அடங்கும். ‘கோர்கோர்’ என்றால் முணுமுணுப்பு. அதை ஒற்றையாக்கி ‘கோர் ஸதன்’ என்றும் சொல்வார்கள், பொருள் கெடுவதில்லை. ஆகவே ஒவ்வோர் ஓசைச் சொல்லுக்கும் எதிரே ‘ஒற்றையாக வருமா’ என்று ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓசைச் சொற்களின் வாலில் இன்னொரு செல்வம் இருக்கிறது. இரட்டித்த ஓசையோடு ஒரு சின்ன விகுதியைச் சேர்த்துப் பொருளுக்கும் உயிருக்கும் பெயர் வைத்துவிடுகிறார்கள். ‘ஜீர்ஜீர்’ என்று கத்துவது ‘ஜீர்ஜீரக்’, சிள்வண்டு. ‘ஃபெஷ்ஃபெஷ்’ என்று சீறுவது ‘ஃபெஷ்ஃபெஷெ’, மத்தாப்பு வகை. குழந்தை ஆட்டும் கிலுகிலுப்பை ‘ஜெக்ஜெகெ’. எப்போதும் முணுமுணுக்கிறவர் ‘கோர்கோரூ’. சிணுங்கும் பிள்ளை ‘நெக்நெகூ’. ஓசை அல்லாத ஒன்றும் இந்த வரிசையில் உண்டு: ‘பாத்’ என்றால் காற்று, ‘பாத்பாதக்’ என்றால் பட்டம். ‘காற்று காற்று’ என்று இரட்டித்து வருவது தனியே வழக்கில் இல்லை, விகுதியோடுதான் பிறந்திருக்கிறது. இத்தகையவற்றில் முதலில் இரட்டித்தல், பிறகு விகுதி என்று படிகளாகப் பிரித்துக் காட்ட முடியாது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன என்றே எழுத வேண்டும்.

‘அக்கி’ என்னும் விகுதி வினையடைகளுக்கு வருகிறது. ‘ஹோல்’ என்றால் பதற்றம், ‘ஹோல்-ஹோலக்கி’ என்றால் அரக்கப் பரக்க. ‘ஸீர்’ என்றால் கீழ், ‘ஸீர்-ஸீரக்கி’ என்றால் யாருக்கும் தெரியாமல் கமுக்கமாக. பேச்சில் இவை சரளம். பாடநூலில் தேடினால் கிடைக்காது.

காலி பாத்திரமும் வெறும் ரொட்டியும்

ஒரே சொல் இரண்டு விதமாக இரட்டித்து இரண்டு பொருள் தருவதைப் பிடித்துவிட்டால் ஆய்வேட்டில் ஓர் இயல் எழுதிவிடலாம். ‘காலி’ நமக்கும் தெரிந்த சொல்தான். “காலியெ காலி” என்றால் அடியோடு காலி. நடுவில் வருகிற ‘எ’ பாரசீகத்தில் பெயரையும் அடையையும் இணைக்கும் இஸாஃபெ. ‘போரெ போர்’ என்றால் நிரம்பி வழிய. ‘தன்ஹாயெ தன்ஹா’ என்றால் தன்னந்தனியாக. அளவை உச்சத்துக்குக் கொண்டுபோவது இந்த அமைப்பின் வேலை.

இப்போது அந்த ‘எ’யை எடுத்துவிடுங்கள். “காலி காலி” என்று ஒருவர் ரொட்டியைத் தின்றார் என்றால் ரொட்டி தீர்ந்துவிட்டது என்று பொருள் அல்ல. தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல் வெறுமனே தின்றார் என்று பொருள். ஓர் உயிரெழுத்து இருப்பதும் இல்லாததும் தொடரையும் சொல்லையும் பிரித்துவிட்டன. முன்னதன் பொருளை ‘காலி’ தெரிந்த எவரும் ஊகிக்கலாம். பின்னதைக் கற்றுக்கொண்டால்தான் தெரியும்.

ஊகிக்க முடியாத பொருள்தான் நல்ல வேட்டை. ‘ராஹ்’ என்றால் வழி. ‘ராஹ் ராஹ்’ என்றால் சட்டைத் துணியில் இருக்கும் கோடுகள். ‘கால்’ என்றால் மச்சம், புள்ளி. ‘கால் காலி’ என்றால் புள்ளிபுள்ளியான. ‘தஸ்த்’ என்றால் கை; அதை இரட்டித்து, செய்தல் என்னும் ‘கர்தன்’ வினையைச் சேர்த்து ‘தஸ்த் தஸ்த் கர்தன்’ என்றால் தீர்மானிக்காமல் இழுத்தடிப்பது. ‘தெல்’ என்றால் மனம். ‘தெல் தெல் கர்தன்’ என்றாலும் இருமனப்பட்டுத் தயங்குவதே. உடலுறுப்பின் பெயர் இரட்டித்தால் தயக்கம் வருகிறது என்று ஒரு சிறு வாய்பாடு கண்ணில் படுகிறதா? அதை விதியாக்க அவசரப்படாதீர்கள். மற்ற உறுப்புகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்து, எவை வருகின்றன, எவை வருவதில்லை என்று எழுதுங்கள். வராதவற்றின் பட்டியலுக்கும் மதிப்பு உண்டு.

ஏவல் பெயராகும் இடம்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சண்டையை விவரிக்கச் சொன்னால் ‘பெஸன்-பெஸன்’ வரும் என்றேன். அதே அச்சில் ‘பெகோர்-பெகோர்’ (தின்னு, தின்னு) என்றால் பெருந்தீனி, விருந்து. ஊரார் சொத்தைச் சுருட்டுவதற்கும் அதுதான் பெயர். ‘பெகீர்-பெகீர்’ (பிடி, பிடி) என்றால் ஆட்களைக் கொத்தாகப் பிடித்து அடைக்கும் காலம். ‘பெகோஷ்-பெகோஷ்’ (கொல், கொல்) என்றால் படுகொலை. காதைத் தீட்டிக்கொண்டு அழுத்தத்தைக் கேளுங்கள். ஏவலில் அழுத்தம் முன்னொட்டான ‘பெ’வில் விழும். பெயரானதும் அது சொல்லின் இறுதிக்கு நகர்ந்துவிடும், பாரசீகப் பெயர்களுக்கு உரிய இடத்துக்கு. பதிவை நிறுத்தி நிறுத்திக் கேட்டால் இது தெளிவாகப் பிடிபடும். எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்; அதனால்தான் ஒலிப்பதிவு இல்லாமல் இந்த வேலைக்கு இறங்கக் கூடாது என்கிறேன்.

எதிர்மறையோடு வருவதும் உண்டு. ‘பெகூ-மகூ’, சொல், சொல்லாதே, வாய்த்தகராறு. ‘கெஷ்-மக்கெஷ்’, இழு, இழுக்காதே, இழுபறி. ‘ம’ என்பது பழைய பாரசீகச் செய்யுளில் தாராளமாக வரும் விலக்கல் முன்னொட்டு. இன்றைய பேச்சில் அதன் இடத்தில் ‘ந’ வந்துவிட்டது. இரட்டைச் சொல்லுக்குள் ஒளிந்துகொண்டு அது பிழைத்திருக்கிறது. ‘பியா-பொரோ’ (வா, போ, ஆள் வரத்துப்போக்கு) இதே அச்சு என்றாலும் திரும்பச் சொல்லுதல் அல்ல, எதிர்ச்சொல் இணை. அதைத் தனிக் கட்டத்தில் வையுங்கள்.

முழு வாக்கியங்களும் இந்த அச்சில் வார்க்கப்படுகின்றன. ‘மனம்’ என்றால் பாரசீகத்தில் ‘நான்தான்’; ‘மனம்-மனம்’ என்றால் தற்பெருமை. ‘செ கொனம்’ என்றால் ‘என்ன செய்வேன்’. அதை இரட்டித்து, ஒரு கிண்ணத்தையும் சேர்த்து, “செ-கொனம்-செ-கொனம் கிண்ணத்தைக் கையில் எடுத்தான்” என்று மரபுத்தொடராகச் சொல்வார்கள். வழி தெரியாமல் கையைப் பிசைந்து நிற்கிறவனைப் பற்றிய பேச்சு. இதற்கு ‘வாக்கியத்திலிருந்து பிறந்த பெயர்’ என்று தலைப்பிட்டு ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள், நிறைந்துகொண்டே வரும். ஆனால் “ரஃப்த் கெ ரஃப்த்” (போனவன் போனவன்தான், திரும்பவில்லை), “ஷொத் ஷொத், நஷொத் நஷொத்” (நடந்தால் நடக்கட்டும், நடக்காவிட்டால் போகட்டும்) போன்றவை அங்கே சேராது. அவற்றுக்கு வால் ஒட்டவே ஒட்டாது. அவை வாக்கியங்களாகவே நிற்கின்றன.

நடுவில் நிற்கும் எழுத்துகள்

இடைநிலை ஏற்ற இரட்டைகளைப் பற்றிப் பாடநூல்கள் நிறையவே சொல்கின்றன, சுருக்கமாகக் கடக்கிறேன். ‘பெ’ வருவது உயிரோட்டமுள்ளது: ‘ரூஸ்-பெ-ரூஸ்’ (நாளுக்கு நாள்), ‘கூனெ-பெ-கூனெ’ (வீடு வீடாக), ‘மூ-பெ-மூ’ (மயிரிழை பிசகாமல்). ‘தர்’ வருவதில் ‘பெய்-தர்-பெய்’ (அடுத்தடுத்து). ‘ஆ’ வருபவை பெரும்பாலும் எழுத்து மொழியின் உடைமை: ‘லபாலப்’, உதடு முதல் உதடு வரை, அதாவது விளிம்பு தளும்ப, ‘ரங்காரங்’, பல வண்ணமான, ‘சராசர்’, தலை முதல் தலை வரை, அதாவது முழுவதும். நாம் மதிப்பெண்ணுக்கும் மழையளவுக்கும் போடும் ‘சராசரி’ இந்தச் சராசரிலிருந்து கிளைத்து வந்ததுதான்.

‘கொஃப்த்-ஒ-கூ’ (உரையாடல்), ‘ஷொஸ்த்-ஒ-ஷூ’ (கழுவுதல்), ‘பொக்த்-ஒ-பஸ்’ (சமையல்) போன்றவை விவாதத்துக்கு உரியவை. முதல் பாதி வினையின் இறந்தகால அடி, இரண்டாம் பாதி அதே வினையின் நிகழ்கால அடி. ஒலி திரும்பவில்லை, வினை திரும்புகிறது. ஷாரன் இன்கெலாஸும் ஷெரில் ஸோலும் 2005இல் இரட்டித்தலை ஒலியின் நகலாகப் பாராமல் பொருளின் இரட்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார்கள். அந்தப் பார்வையை ஏற்றால் இவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். நான் சேர்த்துக்கொள்வேன். நீங்கள் விலக்கினால் ஏன் என்று ஒரு பத்தி எழுதுங்கள்.

விலக்க வேண்டியவை சிலவும் உண்டு. ‘ஸெல்ஸெலெ’ (நிலநடுக்கம்), ‘வஸ்வஸெ’ (சபலம்) பார்ப்பதற்கு ‘ஃபெஷ்ஃபெஷெ’ போலவே இருக்கும். அவை அரபியில் இரட்டித்து முடிந்து, முழுச் சொல்லாகப் பாரசீகத்துக்குள் வந்தவை. வாலைக் கழற்றிப் பாருங்கள்: ‘ஃபெஷ்ஃபெஷ்’ பாரசீகத்தில் தனியே உயிர்வாழும், ‘ஸெல்ஸெல்’ வாழாது. ‘தார்-ஒ-மார்’ என்றால் சின்னாபின்னம். அகராதியைத் திறந்தால் ‘மார்’ என்பதற்குப் பாம்பு என்று இருக்கும். அந்தச் சின்னாபின்னத்தில் பாம்பு எதுவும் இல்லை, வெறும் ஒலி ஒப்புமைதான். நடுவில் ‘ஒ’ இருந்தால் பெரும்பாலும் அது உறைந்துபோன பழைய இணை, ‘ம்’ எதிரொலியின் புது வரவு அல்ல என்று முதலில் சந்தேகியுங்கள்.

கோப்பில் ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும்? ‘தஸ்த் தஸ்த்’ என்று எடுத்துக்கொள்வோம். அடிச்சொல் தஸ்த், கை, பெயர். இரட்டித்தல் முழுமையானது, இடைநிலை இல்லை. சேரும் வினை கர்தன். பொருள் இழுத்தடித்தல், ஊகிக்க முடியாதது. மூன்றாம் முறை வராது. பிறகு அவர் சொன்ன வாக்கியம் முழுமையாக, சொன்ன இடம், பதிவின் நிமிடம், பேசியவரின் வயது, வளர்ந்த பகுதி, வீட்டு மொழி. பெயர் வேண்டாம். வாக்கியம் இல்லாத பதிவை நான் ஏற்பதில்லை; தனிச் சொல்லாகத் தந்தது பேச்சில் எப்படி நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பதிவு செய்வதற்கு முன் ஒப்புதல் கேளுங்கள். முடித்த பிறகு உங்கள் எடுத்துக்காட்டுகளைப் பேசியவர்களிடமே படித்துக் காட்டுங்கள். எதிரொலி இணைகளில் சில அவர்கள் பெரியவர்கள் முன்னால் சொல்லக் கூசுபவை. அடித்துவிடச் சொல்வார்கள், அடித்துவிடுங்கள். வேறு சிலவற்றில் கணவன் ‘ஒ’ வேண்டும் என்பார், மனைவி வேண்டாம் என்பார். இருவரையும் தனித்தனியே பதிவு செய்துகொண்டு, இரண்டு வடிவங்களையும் அவரவர் ஊரோடு சேர்த்து எழுதுங்கள். ஒருவர் இஸ்ஃபஹானில் பிறந்து தெஹ்ரானில் மணம் முடித்தவராக இருக்கலாம்.